புனிதம், சொத்துடையவள்

முள்ளிவாய்க்கால்
7.2.1994

தங்கச்சி நேசமலருக்கு,

சுகம் விசாரிப்பது பிறகு. முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்கிறேன். உன் அக்கா புனிதத்தின் உதவிப்பணத்தை நிறுத்திவிட்டார்கள். நிவாரண அட்டையிலும் அவளுடைய பெயரைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டார்கள். பிறவியிலேயே கண் தெரியாதவள், நாற்பத்தைந்து வயது, தாய் தகப்பன் இல்லை, புருசன் பிள்ளை இல்லை. அவளை ஒரே நாளில் பணக்காரி ஆக்கிவிட்டார்கள்.

காரணம், அவளுடைய பெயரில் காணி இருக்கிறதாம். பதிவில் ‘சொத்துடையவர்’ என்று எழுதியிருக்கிறது. எழுபத்துமூன்றாம் ஆண்டு நானும் அம்மாவும் அவளுக்கு எழுதிக்கொடுத்த சீதன உறுதிப் பத்திரம் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு ஏக்கர் தென்னங்காணி. குருட்டுப் பெட்டைக்கு எதற்குச் சீதனம் என்று இனசனம் சிரித்தது. அவளும் இந்த வீட்டுப் பெண்பிள்ளை, மற்றவளுக்கு இருந்தால் இவளுக்கும் இருக்கவேண்டும் என்று எழுதினேன். உறுதியில் எழுபது தென்னை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு நிற்பது பத்தொன்பது. காய்ப்பது பதினொன்று. அரசாங்கக் கந்தோரில் இருப்பவர்களுக்கு மரம் தெரியாது, உறுதிதான் தெரியும்.

எப்படி அவர்களுக்குத் தெரியவந்தது என்பது இப்போது முக்கியமில்லை.

அது பெரிய பணம் அல்ல. ஆனால் அவளுடைய கைக்கு வருகிற பணம். மாதம் ஒருமுறை தபால் கந்தோருக்கு நடந்து போய்ப் பெருவிரல் வைத்து வாங்குவாள். அன்றைக்கு நல்ல சீலை உடுப்பாள். இந்த மாதமும் உடுத்தாள். போய்த்தான் தெரிந்தது.

உன் புருசன் காணி உறுதி முடிக்கிற நொத்தாரிசிடம் இருபது வருடமாகக் கிளாக்கராக இருக்கிறார். எத்தனை உறுதி எழுதியிருப்பார்! அவரிடம் கேட்டு வழி சொல்லு. காணி புனிதத்துக்கே இருக்கவேண்டும். உதவிப்பணமும் வரவேண்டும். இரண்டும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க நான் சந்தைக்குப் போகவில்லை.

இனிச் சுகம். எனக்கு முழங்கால் நோவு. களப்பில் இறால் குறைவு. புனிதம் சுகம். உன் மகள் பிறின்சிக்கு எங்கள் ஆசீர்.

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.
அண்ணன்,
அந்தோனிமுத்து


வவுனியா
3.3.1994

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் பதினெட்டு நாளில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் தாண்டிக்குளம் சோதனைச்சாவடியில் மழையில் நனைந்ததால் பாதி மை ஊறிவிட்டது. ஆனாலும் உங்கள் கோபம் ஒரு சொட்டும் ஊறவில்லை. நாங்கள் சுகம். இவருக்கு மட்டும் பழைய நெஞ்செரிவு. முழங்காலுக்கு நல்லெண்ணெய் போடுங்கள். கந்தோருக்கு நடப்பதைக் கொஞ்சம் குறையுங்கள்.

இவர் நொத்தாரிசு ஐயாவைக் கேட்டார். நம்பிக்கைப் பொறுப்பு என்று ஒரு உறுதி இருக்கிறதாம். கோவில் காணிகளுக்குத் தருமசாதனம் எழுதுவார்களே, அந்த வகை. அக்கா காணியை வேறு ஆட்களின் பொறுப்பில் எழுதிக்கொடுப்பது. அவர்கள் வருமானத்தை எடுத்து அக்காவின் தேவைக்குச் செலவழிப்பது. அப்போது காணி அக்காவின் கையில் இல்லை, ஆனால் அக்காவுக்குத்தான்.

ஆனால் அது எழுத நாள் எடுக்கும், முத்திரைச் செலவும் இருக்கிறது. இவர் சொல்வது, அதைவிடச் சுலபம் எங்கள் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதிவிடுவது. பெயருக்கு மட்டும்தான். நாளைக்கே கந்தோரில் காட்டலாம். யோசித்துப் பாருங்கள்.

காணி விசயம் அவர்களுக்கு எப்படித்தான் தெரியவந்தது? யாராவது பெட்டிசம் போட்டார்களா? உங்களோடு கோபமான ஆட்களுக்குத்தான் ஊரில் குறைவில்லையே.

அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.
தங்கை,
நேசமலர்


முள்ளிவாய்க்கால்
5.4.1994

தங்கச்சி,

உயிர்த்த ஞாயிறு முடிந்து எழுதுகிறேன். தவக்காலத்தில் எழுதியிருந்தால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டி வந்திருக்கும்.

நன்கொடை உறுதியா? ‘பெயருக்கு மட்டும்’ என்று எழுதப்பட்ட காணி ஒன்றாவது பெயரோடு நின்றதை நான் பார்க்கவில்லை. உன்னுடைய சீதன வீட்டை விற்று வவுனியாவில் வீடு கட்டினாய். நான் ஒரு சொல் சொன்னேனா? அது உன்னுடையது. இது அவளுடையது.

தருமசாதனம் என்று எழுதினாயே, அதுதான் சரி. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஆனால் யோசிக்க எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. கோவிலுக்குப் பின்னால் பதினைந்து தென்னை அந்தோனியாரின் பெயரில் நிற்கிறது. தேங்காயைக் கோவில் மூப்பர் பறிப்பிக்கிறார். அந்தக் காசில் விளக்குக்கு எண்ணெய் வருகிறது. திருநாளுக்குக் கொடி வருகிறது. அந்தோனியார் ஒரு நாளாவது இறங்கிவந்து காசை எண்ணினாரா? இல்லை. அதைக் காட்டி அவருக்கு வருகிற காணிக்கையை யாராவது நிறுத்தினார்களா? அதுவும் இல்லை. சுருபத்துக்கு ஒரு சட்டம், சதையும் எலும்பும் உள்ள புனிதத்துக்கு வேறு சட்டமா?

மூப்பரிடம் இதைச் சொன்னேன். “அந்தோனிமுத்து, நீர் புனிதரையும் புனிதத்தையும் ஒரு தராசில வைக்கிறீர்” என்றார். “ஓம், வைக்கிறன். புனிதம் கொஞ்சம் கூடப் பாரம்” என்றேன். அதிலிருந்து கதைப்பதில்லை.

உறுதியை அப்படியே எழுதச் சொல்லு. முத்திரைச் செலவுக்கு என் பழைய வலையை விற்கிறேன்.

நாங்கள் சுகம். கஞ்சி குடித்துக்கொண்டு சுகம்.
அண்ணன்


வவுனியா
20.5.1994

அன்புள்ள அண்ணைக்கு,

இத்துடன் உறுதியின் மாதிரி நாலு தாள் வைத்திருக்கிறேன். இவர் இரண்டு கிழமை இருந்து எழுதினார். நொத்தாரிசு ஐயா விளக்கிய ஒரு விசயத்தை நன்றாகக் கவனியுங்கள். பொறுப்பாளர் மாதாமாதம் காசாக அக்காவின் கையில் கொடுத்தால் கந்தோர் அதை வருமானமாகத்தான் எண்ணும். பிறகும் வெட்டும். அதனால், உதவிப்பணத்தால் வாங்கமுடியாத சாமான்களைப் பொறுப்பாளரே வாங்கிக் கொடுக்கவேண்டும். கூரைக்குக் கிடுகு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிக்கூலி, மருந்து, ரேடியோவுக்குப் பற்றரி. எது, எப்போது என்பது பொறுப்பாளரின் தீர்மானம். இவ்வளவு தா என்று கேட்கிற உரிமை அக்காவுக்கு இருக்கக்கூடாது. உரிமை இருந்தால் சொத்து. உரிமை இல்லாவிட்டால் உதவி. சட்டம் அப்படியாம். கடைசித் தாளில் இருப்பது வழமையான வசனங்கள்தான்.

இன்னொன்று. போன கிழமை இங்கே ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்துவீட்டுச் சுப்பம்மாவைக் கண்டேன். நான் கேட்காமலே கதை வந்தது. அவா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“நானும் நிவாரணப் பதிவு அண்டைக்கு வரிசையில நிண்டனான் பிள்ளை. கிளாக்கர் நல்ல மனுசன். ‘காணி பூமி இல்லையெண்டு போடட்டோ?’ எண்டு அவரே கேட்டவர். உன்ர கொண்ணை மேசையில அடிச்சார். ‘ஏன் காணும் இல்லையெண்டு போடுவீர்? என்ர தங்கச்சியை ஆரெண்டு நினைச்சீர்? ரெண்டு ஏக்கர் தென்னங்காணி, சீதன உறுதி முடிச்சு வைச்சிருக்கிறன். எழுதும்!’ எண்டார். அந்த மனுசன் ரெண்டுதரம் கேட்டது, ‘எழுதட்டோ ஐயா, எழுதட்டோ?’ எண்டு. ‘கொட்டை எழுத்தில எழுதும்’ எண்டவர் கொண்ணை.”

அண்ணை, பெட்டிசம் போட்டது யார் என்று இனி நான் கேட்கமாட்டேன்.

தங்கை,
நேசமலர்


முள்ளிவாய்க்கால்
12.6.1994

நேசமலருக்கு,

ஓம், நான்தான் சொன்னேன். திரும்பக் கேட்டாலும் சொல்வேன். ‘ஒன்றுமில்லாதவள்’ என்று அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதப் பார்த்தார்கள். அவளுக்குக் கண்தான் தெரியாது. காது கேட்கும். இருபது வருடமாக ஒரு மாப்பிள்ளையும் புரட்டிப் பார்க்காத உறுதி அது. ஒரு கந்தோரிலாவது அது எழுத்தில் ஏறட்டும் என்று சொன்னேன். பொய் சொன்னால் பணம், உண்மை சொன்னால் பட்டினி என்றால் பிழை என் வாயில் இல்லை, அவர்களுடைய படிவத்தில்.

இப்போது உன்னுடைய கடைசித் தாளுக்கு வருகிறேன். வழமையான வசனங்களா? மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றுதரம் வாசித்தேன். ஒரே பொறுப்பாளர் செல்வநாயகம். புனிதத்தின் காலத்துக்குப் பிறகு காணி பிறின்சிக்கு. அதாவது புனிதத்துக்குக் கிடுகு வாங்குவதா வேண்டாமா, மருந்து வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் உன் புருசன். அவள் இல்லாமல் போனால் காணி போவது அவருடைய மகளுக்கு.

மச்சான் கெட்டவர் என்று சொல்லவில்லை. நல்லவரைக்கூட அப்படி ஒரு கதிரையில் இருத்தக்கூடாது என்கிறேன். ஒருத்தி செத்தால் யாருக்கு இலாபமோ, அவள் உயிரோடு இருப்பதற்கு அவர் பொறுப்பாக இருக்கமுடியாது. இதற்குச் சட்டப் புத்தகம் வேண்டாம். கடலில் போகிறவன் தன் கயிற்றை யாரிடம் கொடுத்துவிட்டு இறங்குவான் என்று கேட்டால் போதும்.

நான்கு தாளையும் திருப்பி அனுப்புகிறேன். பொறுப்பாளர் நான். எழுதச் சொல்லு.

உன் சுகத்தை எழுது.
அந்தோனிமுத்து


வவுனியா
28.8.1994

அண்ணைக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. எழுதினால் பிழையாக எழுதிவிடுவேன் என்று இருந்தேன். எல்லோரும் இருக்கிறோம்.

உங்கள் நியாயம் சரி. அதை நானும் மூன்றுதரம் வாசித்தேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. நாளைக்கு அவ இல்லையென்றால் காணி உரித்தாக யாருக்கு வரும்? சகோதரங்களுக்கு. அதாவது எனக்கும் உங்களுக்கும். அவ செத்தால் இலாபம் உங்களுக்கும் இருக்கிறது. அப்படியானால் உங்கள் நியாயத்தின்படி நீங்களும் பொறுப்பாக இருக்கமுடியாது.

இவர் உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நாலு தாளையும் அடுப்பில் போட்டார். பிறின்சிக்கு ஒரு இடம் பொருந்தி வந்திருக்கிறது. மாப்பிள்ளை பகுதி காணி கேட்கிறது. எங்களிடம் இருப்பது நாங்கள் இருக்கிற வீடு ஒன்றுதான். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

மலர்


முள்ளிவாய்க்கால்
16.10.1994

திருமதி நேசமலர் செல்வநாயகம் அவர்கட்கு,

நான் இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் கமலேஸ்வரி. உங்கள் அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு சொல்லையும் அழகாக்கக்கூடாது என்பது கட்டளை.

மலர், நான் புனிதம். நல்லாயிருக்கிறன். நீ எப்பிடி?

முந்தி உன்ர கடிதம் வந்தா அண்ணை உடன வாசிப்பார். இந்த வருசம் வாசிக்கேக்க சில இடத்தில அவருக்கு மூச்சு நிக்கும், பிறகு வேற இடத்தில துவங்கும். விட்டுவிட்டு வாசிக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். கடைசிக் கடிதம் வந்து ஒரு மாசம் வாசிக்கவே இல்லை. பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டுச் சாப்பாட்டையும் பாதியில விட்டார். திறப்பை எங்க வைப்பார் எண்டு எனக்குத் தெரியாதே? எடுத்துக்கொண்டு ரீச்சர் வீட்டை வந்தனான். உன்ர எல்லாக் கடிதத்தையும், அண்ணை உனக்கு எழுதினதுகளின்ர கொப்பியையும் முதல்ல இருந்து வாசிப்பிச்சனான்.

பிறகு வீட்டை போய்க் கேட்டன். “அண்ணை, இவ்வளவும் ஆற்ற காணியைப் பற்றி?” “உன்ர காணியைப் பற்றித்தான்.” “அப்ப ஏன் என்னை ஒருத்தரும் கேக்கேல்ல?” “உனக்கு ஏன் உந்தத் தலையிடி?” “தலை என்ரை. அது இடிச்சா நான் பாக்கிறன்.” பிறகு அவர் வலையை எடுத்துக்கொண்டு களப்புக்குப் போயிட்டார். காலமை பத்து மணிக்கு ஆர் வலை போடுறது?

மலர், கேள். அந்த உறுதியை ஒரு மாப்பிள்ளையும் பாக்கேல்லத்தான். நான் பாத்திருக்கிறன். கையால. மூலையில அமத்தின முத்திரை இருக்கு, அதை விரலால தடவினா என்ர பேருக்கு அது மாதிரி வேற ஒண்டும் இல்லையெண்டு எனக்கு விளங்கும். அண்ணை மேசையில அடிச்ச அண்டைக்கு எனக்குப் பக்கெண்டது. சந்தோசமாயும் இருந்தது. ரெண்டும் உண்மை.

இப்ப நான் சொல்லுறன். காணி என்ரை. எழுதிக் குடுக்கிறதும் நான். பொறுப்பாய் இருக்க ரெண்டு பேர். ஒண்டு கமலேஸ்வரி ரீச்சர். ரீச்சர் என்ர இனசனம் இல்லை, என்ர மதமும் இல்லை, நான் செத்தா ஒரு தேங்காயும் கிடையாது. மற்றது சங்கக்கடை மனேச்சர் கொலின்ஸ். ஆள் கடுகடுத்தவர், ஆனா தராசு நேர். ரெண்டு பேரும் பிழை விட்டா மாத்துற உரிமை கோவில் பங்குச் சுவாமிக்கு. மூப்பருக்கு இல்லை, அண்ணை அவரோட கோபம்.

கேக்கிற உரிமை எனக்கு இல்லையெண்டு எழுதவேணுமாம். எழுதுங்கோ. தாளில உரிமை இல்லாட்டியும் முகத்தில வாய் இருக்கு.

எனக்குப் பிறகு ஆருக்கு? பிறின்சிக்கு எண்டு என்னைக் கேட்டிருந்தா குடுத்திருப்பன். கேக்காமல் எழுதினபடியால் இப்ப எழுதமாட்டன். அண்ணைக்கும் இல்லை, உனக்கும் இல்லை. அதை என்ர மரணசாசனத்தில நான் சொல்லுவன். அதுவரைக்கும் எல்லாரும் நல்லா நடந்துகொள்ளுங்கோ.

(ரீச்சர் சிரிக்கிறா. சிரிக்கிறதையும் எழுதச் சொல்லியிருக்கிறன்.)

புனிதம்


வவுனியா
24.11.1994

அன்புள்ள புனிதம் அக்காவுக்கு,

யோசித்துப் பார்த்தேன். கலியாணம் முடித்து வந்த பத்தொன்பது வருடத்தில் உங்கள் பெயருக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. எல்லாக் கடிதத்திலும் ‘அக்காவிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்’ என்று முடித்திருக்கிறேன். என்னத்தைக் கேட்டேன்? நீங்கள் சுகமா? உடம்புக்கு ஏதும் நோவா? இரவில் நித்திரை வருகிறதா? இவை எல்லாவற்றுக்கும் நீங்களே மறுமொழி எழுதவேண்டும்.

உங்கள் கடிதத்தை இவர் முன்னால் சத்தமாக வாசித்தேன். ஓரிடத்தையும் விடவில்லை. இவர் எழும்பி வாசல் படலைக்குப் போய் நின்றார். பிறின்சிதான் சொன்னாள்: “பெரியம்மாவின்ர காணியைக் காட்டித்தான் என்னைக் கட்டவேணுமெண்டா அவரை வேற இடம் பாக்கச் சொல்லுங்கோ.” அவள் உங்களைப்போல. அழகில் இல்லை, வாயில்.

அடுத்தநாள் இவரே நொத்தாரிசு ஐயாவிடம் கடிதத்தைக் கொண்டுபோனார். ஐயா சொன்னாராம், மரணசாசனத்தால் பெயர் குறிக்கும் உரிமையை உறுதியிலேயே எழுதி வைக்கலாம், அது சட்டத்துக்குச் சரி என்று. சொந்தக்காரி நீங்கள் என்பதால் நீங்களே ஐயாவின் முன்னால் வரவேண்டும். அவர் முழுவதையும் வாசித்துக் காட்டவேண்டும். விளங்கியது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் பெருவிரல். அண்ணை உங்களுக்காகச் சொல்லமுடியாது.

பாதை எப்போது சுகப்படுமோ தெரியவில்லை. வந்தால் எங்கள் வீட்டில் தங்குங்கள். பிறின்சி தன் கட்டிலைத் தருவாளாம்.

உங்கள் தங்கை,
மலர்


முள்ளிவாய்க்கால்
30.1.1995

நேசமலருக்கு,

ஏழு மாதமாக நான் உனக்கு எழுதவில்லை. நீ எழுதியது சரியாக இருந்தது. சரியான கடிதத்துக்கு மறுமொழி எழுதிப் பழக்கமில்லை.

சண்டை நிறுத்தம் என்று ரேடியோ சொல்கிறது. எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அதனால் மாசி இருபதாம் திகதி புனிதத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ரீச்சரும் கொலின்சும் கூட வருவார்கள். நால்வருக்கும் பயணப் பாஸ் எடுத்தாயிற்று.

அதற்கு முன்னம் கந்தோருக்குப் போனேன். தலைமையாக இருப்பவரிடம் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகத்தான். அவர் சொன்னார், “உறுதியை முடிச்சுக் கொண்டுவாங்கோ ஐயா, பாப்பம்.” “‘பாப்பம்’ எண்டதை எழுத்தில தாங்கோ” என்றேன். “நான் வாயால சொன்னாப் போதாதே?” “நீங்கள் வாயால சொல்லேல்ல, சிவப்பு மையால வெட்டினீங்கள். இதையும் மையால தாங்கோ.” “நான் மத்தியானம் சாப்பிடப் போகவேணும்.” “போட்டு வாங்கோ. நாங்கள் ஒரு வருசமாய்ப் பசியோட இருந்து பழகிட்டம், நான் இந்த மர வாங்கில இருக்கிறன்.”

மூன்று மணிக்குத் தந்தார். ‘நம்பிக்கைப் பொறுப்பு உறுதியின் பிரதி சமர்ப்பிக்கப்படுமிடத்து, பயனாளிக்குக் காசாக வருமானம் கிடைக்காதவிடத்து, கொடுப்பனவு மீள வழங்கப்படும்.’ முத்திரையும் குத்துவித்தேன். வீட்டுக்கு வந்து புனிதத்துக்கு வாசித்தேன். முழுவதும்.

புட்டுக்கு மா இடித்து வை. அவளுக்கு உன்னுடைய புட்டு விருப்பம் என்று இப்போதுதான் எனக்குச் சொன்னாள்.

அண்ணன்


முள்ளிவாய்க்கால்
26.3.1995

தங்கச்சி நேசமலருக்கும், மச்சான் செல்வநாயகத்துக்கும், பிறின்சிக்கும்,

ஊருக்குச் சுகமாக வந்து சேர்ந்தோம். பிறின்சியின் கட்டிலைப் பற்றிப் புனிதம் இன்னும் கதைக்கிறாள். ரீச்சருக்கு வழியில் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. மச்சானின் நெஞ்செரிவுக்குச் சீரகத் தண்ணீர் நல்லது.

நொத்தாரிசு கந்தோரில் நடந்ததை நீங்கள் கண்டீர்கள். ஆனாலும் எழுதிவைக்கிறேன், எழுதினால்தான் நிற்கும். ஐயா வாசித்துக்கொண்டு போக, அவள் ஆறாம் வசனத்தில் நிறுத்தினாள். “‘மேற்படி இயலாதவர்’ எண்டு வருகுது. அது ஆர்?” என்றாள். “அது நீங்கள்தான் அம்மா, எல்லா உறுதியிலும் அப்பிடித்தான் எழுதுறது” என்றார் ஐயா. “எனக்குப் பேர் இருக்கு. பேரைப் போடுங்கோ.” பதினொரு இடத்தில் அடித்து எழுதவேண்டி வந்தது. மச்சான் பதினொரு இடத்திலும் எழுதினார். அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உறுதியோடு போன கிழமை கந்தோருக்குப் போனோம். பங்குனி முடிய, சித்திரையிலிருந்து உதவிப்பணம் வரும். நிவாரண அட்டையிலும் பெயர் திரும்ப ஏறியிருக்கிறது. ஆனால் வெட்டிய காலத்துக்கு நிலுவை தரமுடியாதாம். பதினான்கு மாதம். ‘அக்காலத்தில் சொத்துடையவராக இருந்தார்’ என்கிறார்கள். பத்தொன்பது மரத்தை வந்து எண்ணச் சொன்னேன். ஒருவரும் எழும்பவில்லை. ஆகவே விசயம் முடியவில்லை.

இனி என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் புனிதம் பிரித்துத் தந்திருக்கிறாள். கீழே உள்ளது அவளுடைய சொல். கைதான் என்னுடையது.

கமலேஸ்வரி ரீச்சர்: தேங்காயை விற்பது. மாரிக்கு முன்னம் கூரைக்குக் கிடுகு வாங்குவது. நான் கெஞ்சினாலும் கையில் காசு தரக்கூடாது. கெஞ்சமாட்டேன், சண்டை பிடிப்பேன். அப்போதும் தரக்கூடாது.

கொலின்ஸ்: ஆஸ்பத்திரி வண்டிக்கூலி, மருந்து, பற்றரி. பற்றரி முடிய முன்னம் வாங்கவேண்டும், முடிந்த பிறகு அல்ல. செய்திக்கு நடுவில் ரேடியோ நின்றால் நான் கடைக்கே வருவேன். வெறுங்காணி கிடக்கிற பக்கத்தில் முப்பது தென்னம்பிள்ளை நடுவிக்கவேண்டும்.

நேசமலர்: உறுதியின் ஒரு பிரதியை உன் அலுமாரியில் வைத்திரு. இங்கே ஷெல் விழுந்தாலும் அங்கே அது இருக்கவேண்டும். மாதம் ஒரு கடிதம், என் பெயருக்கு.

செல்வநாயகம்: நிலுவை கேட்டு மேலிடத்துக்கு ஒரு மனு. அவரைப்போல எழுத இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அனுப்ப முன்னம் எனக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

பிறின்சி: எவனைக் கட்டினாலும் கட்டு. கோவிலில் என்னை முன்வாங்கில் இருத்தவேண்டும்.

பங்குச் சுவாமி: வருடம் ஒருமுறை பொறுப்பாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, வாங்கியது என்ன, வாங்காதது என்ன என்று என் முன்னால் கேட்கவேண்டும்.

கந்தோர்: பதினான்கு மாத நிலுவை. அது வரும்வரை ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை நான் வருவேன். எனக்கு ஒரு கதிரை போடவேண்டும்.

அண்ணன்: இதை எழுதி முடித்ததும் ஒரு சொல்லையும் விடாமல் எனக்கு வாசிக்கவேண்டும்.

வாசித்தேன். கந்தோருக்கு உரியதில் ‘தயவுசெய்து’ என்று நானாக ஒரு சொல் சேர்த்திருந்தேன். அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன்.